இரைச்சலுக்கும் ஒரு பெயர் வேண்டும்

செல்போன் வந்த புதிதில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் அனைவருக்கும் இது நினைவிருக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்திருந்தால், மணி அடிப்பதற்கு ஓரிரு நொடிகள் முன்பே ஸ்பீக்கர் "டிரிட்... டிரிட்..." என்று இரையும். சவுண்ட் கார்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. உண்மையில் எதுவும் கெடவில்லை. ஜி.எஸ்.எம். போன் டவருடன் பேசும்போது, நொடிக்கு சுமார் 217 முறை விட்டு விட்டு சிக்னல் அனுப்பும். அந்தத் துடிப்பை ஸ்பீக்கர் வயர் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். காரணம் தெரிந்த பிறகு யாரும் சவுண்ட் கார்டை மாற்றவில்லை. போனைத் தள்ளி வைத்தோம்.

வந்த வேகத்தில் மறைந்துவிடும் இப்படிப்பட்ட இரைச்சலை ஆங்கிலத்தில் கிளிட்ச் என்கிறார்கள். உலகின் மிக நுட்பமான அளவைக் கருவிகளில் ஒன்றான லைகோவுக்கு இன்று பெரிய தலைவலி இந்தக் கிளிட்ச்தான். நம் நாட்டிலும் ஒரு லைகோ அமையப் போகிறது. அதன் இரைச்சலைப் பிரித்துப் பார்க்கும் வேலையில், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சாதாரணத் தமிழர்களுக்கும் இடம் தர வேண்டும், அதுவும் தமிழிலேயே தர வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

லைகோ என்ன செய்கிறது?

இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாகும்போது, வெளியே அதிர்ந்து அலைகளாகப் பரவுகிறது. இவையே ஈர்ப்பு அலைகள். அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் ஆகிய இரு இடங்களில் லைகோ கருவிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு கைகள், ஆங்கில 'எல்' எழுத்து வடிவில். ஒரு லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து இரு கைகளிலும் அனுப்புவார்கள். முனையில் தொங்கும் 40 கிலோ கண்ணாடிகளில் பட்டு அது திரும்பி வரும். ஈர்ப்பு அலை கடந்து போனால் ஒரு கை இம்மியளவு நீளும், மற்றது குறுகும். அந்த இம்மி எவ்வளவு தெரியுமா? ஒரு புரோட்டானின் குறுக்களவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு!

2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பு அலை இப்படித்தான் பிடிபட்டது. 2016 பிப்ரவரி 11 அன்று அறிவித்தார்கள். 2017-ல் ரெய்னர் வெய்ஸ், பேரி பாரிஷ், கிப் தார்ன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முதல் மூன்று கண்காணிப்பு ஓட்டங்கள் முடிந்தபோது கணக்கில் 90 நிகழ்வுகள் சேர்ந்திருந்தன.

இவ்வளவு சின்ன அசைவை அளக்கும் கருவி வேறு எதையெல்லாம் அளக்கும்? எல்லாவற்றையும்தான். கடல் அலை கரையில் மோதுவது, பக்கத்தில் ரயில் போவது, மரம் வெட்டுவது, இடி, காற்று, கரண்ட் லைனின் ரீங்காரம் எல்லாமே பதிவாகும். மூன்றாவது ஓட்டத்தில் லிவிங்ஸ்டன் கருவியில் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு கிளிட்ச் என்ற அளவில் வந்தது. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேல்! 90 நிஜங்களுக்கு இத்தனை போலிகள்.

காக்கையும் மைக்ரோவேவ் அடுப்பும்

ஒரு வேடிக்கையான உதாரணம். 2017 கோடையில் ஹான்ஃபோர்டு கருவியில் புரியாத சில கிளிட்ச்கள் வந்தன. மைக்ரோபோன் பதிவுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தபோது 'டொக், டொக்' என்ற சத்தம் பொருந்தியது. திரவ நைட்ரஜன் குழாயின் மேல் படிந்திருந்த பனிக்கட்டியை அண்டங்காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. பாலைவன வெயிலில் அவற்றுக்கு ஜில்லென்று தண்ணீர்! குழாயை மூடி, பனி படியாமல் செய்தார்கள். கிளிட்ச் நின்றது.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியிலும் இதே கதைதான். 1998 முதல் அவ்வப்போது வந்துகொண்டிருந்த விசித்திரமான சிக்னல்களின் காரணம் 2015-ல்தான் தெரிந்தது. மைக்ரோவேவ் அடுப்பு நிற்பதற்கு முன்பே யாரோ அவசரப்பட்டு கதவைத் திறந்திருக்கிறார்கள்.

இரண்டிலும் வேலை ஒரே வரிசையில்தான் நடந்திருக்கிறது. முதலில், இது ஒரு தனி வகை என்று யாரோ கண்டுகொண்டார்கள். அடுத்து, அது எப்போதெல்லாம் வருகிறது என்று தடம் பிடித்தார்கள். கடைசியாகக் காரணத்தைக் கண்டு நிறுத்தினார்கள். முதல் படி இல்லாவிட்டால் அடுத்த இரண்டும் இல்லை. பெயர் வைக்காத இரைச்சலைத் தேட முடியாது.

தூக்கி எறிந்திருந்தால்?

"இரைச்சல் வந்த பகுதியை அப்படியே வெட்டிவிட்டால் போகிறது, எதற்கு இத்தனை பாடு?" என்று என்னுடன் வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் 2017 ஆகஸ்ட் 17.

அன்று இந்திய நேரம் மாலை 6.11 மணிக்கு, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை பூமியை அடைந்தது. அப்படியொரு மோதல் பிடிபடுவது அதுவே முதல் முறை. ஹான்ஃபோர்டு கருவியின் பதிவில் சாஃப்ட்வேர் அதைக் கண்டுகொண்டது. ஆனால் லிவிங்ஸ்டனில், மோதலுக்கு சுமார் 1.1 நொடி முன்பு ஒரு பெரிய கிளிட்ச் வந்துவிட்டது. கண்ணாடிகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதியில், டிஜிட்டலை அனலாக் ஆக மாற்றும் சிப் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. நமக்குப் பழக்கமான 'ஓவர்ஃப்ளோ'தான். இப்படிப்பட்டது சில மணி நேரத்துக்கு ஒரு முறை வருவது வழக்கம். எனவே தானியங்கி சாஃப்ட்வேர் லிவிங்ஸ்டன் பதிவை ஒதுக்கிவிட்டது.

மனிதர்கள் படத்தை எடுத்துப் பார்த்தார்கள். கிளிட்ச் என்பது ஒரு செங்குத்துக் கோடாக நிற்கிறது. அதற்குப் பின்னால், மெல்ல மேலேறும் ஒரு வளைகோடு பளிச்சென்று தெரிகிறது. அந்தக் கிளிட்ச் எந்த வகை, எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது முன்பே தெரிந்திருந்ததால், அதை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்த முடிந்தது. இத்தாலியின் விர்கோ கருவியையும் சேர்த்து, வானத்தில் எங்கே தேட வேண்டும் என்று வரைபடம் கொடுத்தார்கள். மோதல் நடந்து சுமார் 11 மணி நேரத்தில், 13 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்.ஜி.சி. 4993 என்ற விண்மீன் கூட்டத்தில் அந்த வெளிச்சத்தைத் தொலைநோக்கிகள் பார்த்துவிட்டன. புனே அருகில் உள்ள நம் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியும் பிறகு அதைக் கவனித்தது. தங்கம் போன்ற கன உலோகங்கள் இப்படிப்பட்ட மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு அன்று சான்று கிடைத்தது.

லிவிங்ஸ்டன் பதிவை இரைச்சல் என்று ஒதுக்கியே விட்டிருந்தால், தேட வேண்டிய வானப் பரப்பு பல மடங்கு பெரிதாகியிருக்கும். தொலைநோக்கிகள் எங்கே திரும்புவது என்று தெரியாமல் நின்றிருக்கும்.

கண்ணால் பார்க்கும் வேலை

2016 அக்டோபரில் கிராவிட்டி ஸ்பை என்ற திட்டத்தை ஜூனிவர்ஸ் இணையதளத்தில் தொடங்கினார்கள். ஒவ்வொரு கிளிட்ச்சையும் ஒரு படமாக மாற்றித் தருவார்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், எங்கே வலு அதிகமோ அங்கே நிறம் பளிச்சென்று இருக்கும். அரை நொடி, 1 நொடி, 2 நொடி, 4 நொடி என நான்கு அளவில் அதே படத்தைப் பார்க்கலாம். எந்த வகை என்று பார்த்து பட்டனைக் கிளிக் செய்ய வேண்டும். முதல் நிலையில் இரண்டே வகைகள்தான். நாம் சரியாகச் சொல்கிறோமா என்பதை, விடை தெரிந்த படங்களை நடுநடுவே காட்டிச் சோதிப்பார்கள். தேறினால் அடுத்த நிலைக்குப் போகலாம்.

வகைகளின் பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். 'பிளிப்' என்பது கண்ணீர்த் துளி போல் இருக்கும். கோய் மீன் போல் ஒன்று, விசில் ஒன்று, வளைவு வளைவாக அடுக்கிய ஒளிச்சிதறல் ஒன்று. 2017-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் 22 வகைகள் இருந்தன. அவற்றில் 'இணைப்புறா' போன்றவற்றை சோதனைக் கட்டத்திலேயே அடையாளம் காட்டியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். வீட்டிலிருந்தபடி பார்த்த தன்னார்வலர்கள்.

இங்கேதான் இன்றைய பெரிய கேள்வி வருகிறது. இதையெல்லாம் ஏ.ஐ. செய்யாதா? செய்யும், செய்கிறது. கிராவிட்டி ஸ்பையிலேயே நியூரல் நெட்வொர்க் இருக்கிறது. லட்சக்கணக்கான படங்களை அது நொடியில் பிரித்துத் தள்ளும். ஆனால் அதற்குச் சொல்லிக் கொடுத்தது மனிதர்கள் ஒட்டிய லேபிள்கள்தான். 22 பெட்டிகளைக் கொடுத்து "இதில் எதில் போடுவாய்?" என்றால், புதிதாக வரும் 23-வதையும் ஏதாவது ஒரு பெட்டியில் போட்டுவிடும். "இது எதிலும் சேராது, புதுசு" என்று நிமிர்ந்து பார்ப்பது இன்னும் நம் வேலையாகவே இருக்கிறது.

மூன்றாவது ஓட்டத்தில் இது நடந்தது. கிரீடம் போன்ற ஒரு புது வடிவத்தைத் தன்னார்வலர்கள் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். லைகோவின் நிபுணர்களும் வேறு வழியில் அதே வகைக்கு வந்து சேர்ந்தார்கள். லிவிங்ஸ்டன் அருகே ரயிலும் லாரியும் ஓடும்போது தரை அதிர்வதோடு அது தொடர்புடையது என்று தெரிந்தது. அதுபோலவே, கடல் அலைகளால் தரை மெல்ல ஆடும்போது வரும் ஒளிச்சிதறல் வகையைத் தடம் பிடித்து, 2020 ஜனவரியில் கட்டுப்பாட்டு முறையை மாற்றியதும் அது வெகுவாகக் குறைந்தது. ஆக, பெயர் வைப்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை. கருவியில் எதைத் திருத்த வேண்டும் என்பதுவரை அது போகிறது.

ஹிங்கோலியின் சத்தங்கள்

இந்தியாவின் லைகோ, மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் ஔந்தா நாக்நாத் அருகில் அமைகிறது. 2016 பிப்ரவரியில் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்தது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புக்கொண்டது. கருவியின் வடிவம் அமெரிக்காவில் உள்ளதுதான். ஆனால் இரைச்சல்?

அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். எனவே லைன் ரீங்காரம் வேறு இடத்தில் நிற்கும். அங்கே மரம் வெட்டும் லாரி என்றால், இங்கே அறுவடைக்கால டிராக்டர், போர்வெல் மோட்டார், த்ரீ-ஃபேஸ் கரண்ட் வந்த நொடியில் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கும் பம்ப்செட்டுகள். பருவமழை இடி உண்டு. தீபாவளி வெடி உண்டு. ஔந்தாவில் பழைமையான சிவன் கோயில் இருப்பதால் விசேஷ நாட்களில் வண்டிகள் கூடும். 2024 மார்ச்சில் ஹிங்கோலியில் 4.5 அளவுள்ள நிலநடுக்கமும் வந்திருக்கிறது.

இவற்றில் எத்தனை உண்மையில் கருவியின் கண்ணாடி வரை எட்டும் என்பது ஓடத் தொடங்கினால்தான் தெரியும். ஆனால் எட்டினால், அது என்ன என்று ஊகிக்க யாருக்கு வாய்ப்பு அதிகம்? ஐரோப்பாவில் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கா? கரண்ட் வந்ததும் மோட்டார் போட ஓடும் வீட்டில் வளர்ந்தவருக்கா?

என் சொந்த ஊர் கொடைக்கானலை அடுத்த வில்பட்டி. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டுத் தோட்டங்கள். ராத்திரி நாய் குரைத்தால், அது ஆளைப் பார்த்துக் குரைக்கிறதா, தோட்டத்தில் காட்டுமாடு இறங்கிவிட்டதா என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் படுத்தபடியே சொல்லிவிடுவார்கள். மேட்டில் திணறி ஏறும் ஜீப்பின் சத்தத்தை வைத்தே அது யாருடையது என்பார்கள். யாரும் அவர்களுக்கு பாடம் எடுக்கவில்லை. தவறாகச் சொன்னால் ஒரு போகம் பூண்டு போய்விடும், அதனால் காது கற்றுக்கொண்டது. கிளிட்ச் பிரிப்பதற்கு வேண்டிய திறமையும் இதுவேதான். பொறுமையாகப் பலமுறை பார்ப்பது, வழக்கத்துக்கு மாறானதை உடனே கவனிப்பது. இதற்குப் பட்டம் தேவையில்லை. ஆனால் இன்று அந்தப் பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ள அவர்களுக்கு ஆங்கிலம் தேவைப்படுகிறது.

கொடைக்கானலுக்கு இந்த வேலை புதிதும் இல்லை. 1897-ல் அஸ்ஸாமைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பின், 1899-ல் கொடைக்கானல் வானாய்வகத்தில் மில்ன் நிலநடுக்கக் கருவி வைக்கப்பட்டது. தொலைவில் பூமி நடுங்கியதா, பக்கத்தில் ஏதாவது அசைந்ததா என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே இந்த மலைக்கு வந்துவிட்டது. 1904 முதல் அதே வானாய்வகத்தில் எடுத்துவந்த சூரியப் படத் தகடுகளை இப்போது டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். அதில் சூரியப் புள்ளி எது, தகட்டில் விழுந்த தூசி எது என்று பிரிப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த வேலைதான்.

என்ன செய்ய வேண்டும்?

நான் கேட்பது மூன்று.

ஒன்று, தமிழ், மராத்தி உள்ளிட்ட நம் மொழிகளில் கிளிட்ச் பிரிக்கும் பக்கம் வேண்டும். மெனுவை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது. வகைகளின் பெயர்களும் நம் பெயர்களாக இருக்க வேண்டும். கோய் மீன் என்றால் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, கெண்டை என்றால் தெரியும். சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் லைகோ ஆய்வில் பங்கு பெற்றவை. கல்லூரி மாணவர்களை வைத்துக்கொண்டே அவர்களால் இதைச் செய்ய முடியும். கருவி கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கருவிகளின் படங்களை வைத்தே இப்போதே பழகலாம்.

இரண்டு, துணைச் சேனல்களின் தகவல்களைத் திறந்து விட வேண்டும். லைகோ கருவியைச் சுற்றி மைக்ரோபோன், அதிர்வுமானி, காந்தமானி என்று ஏராளமான சென்சார்கள். மொத்தம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சேனல்கள் பதிவாகின்றன. காக்கையைக் காட்டிக் கொடுத்தது அதில் ஒன்றுதான். இவற்றில் சிறு பகுதி மட்டுமே இதுவரை பொதுவில் கிடைக்கிறது. எல்லாம் வேண்டாம். தரை அதிர்வு, ஒலி, காற்று, கரண்ட் வோல்டேஜ் ஆகியவற்றை மட்டுமாவது லைகோ-இந்தியா முதல் நாளிலிருந்தே வெளியிட வேண்டும். படத்தைப் பார்த்து "இது பம்ப்செட்" என்று ஊகிப்பவருக்கு, அதைச் சரிபார்க்கவும் வழி இருக்க வேண்டும் அல்லவா? சரிபார்க்க முடியாத ஊகம் வெறும் அரட்டை.

மூன்று, உழைத்தவர்களுக்குப் பெயர் போட வேண்டும். "இது இலவசமாக வேலை வாங்கும் தந்திரம்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. லேபிள் ஒட்டும் வேலையைக் குறைந்த கூலிக்கு வாங்கித்தான் இன்று பல ஏ.ஐ. கம்பெனிகள் வளர்ந்திருக்கின்றன. அறிவியல் அந்த வழியில் போகக் கூடாது. புது வகையை முதலில் காட்டியவர் பெயர், அவர் சம்மதித்தால், கட்டுரையில் வர வேண்டும். வேலை செய்த பள்ளி மாணவனுக்குச் சான்றிதழ் தருவதில் என்ன செலவாகிவிடும்?

நீங்கள் இன்றே செய்யக் கூடியது

அரசாங்கம் செய்யட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். 2005-ல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற திட்டம் வந்தபோது, நம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தை ஆய்வுக்குக் கொடுத்தோம். அந்த முறையில் 2010-ல் ஒரு புதிய பல்சரே கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது நம் கண்ணைக் கொடுக்கலாம்.

ஈர்ப்பு அலை திறந்த அறிவியல் மையத்தின் இணையதளத்தில் லைகோவின் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நிகழ்வைச் சுற்றி 32 நொடிப் பதிவு, நொடிக்கு 4,096 எண்கள் வீதம், சுமார் 1 எம்.பி.தான் வரும். செல்பி படம் இதைவிடப் பெரிது. 2017 ஆகஸ்ட் 17 நிகழ்வின் லிவிங்ஸ்டன் பதிவை, கிளிட்ச்சோடு ஒன்றும் கிளிட்ச் நீக்கி ஒன்றும் என இரண்டு விதமாகவும் வைத்திருக்கிறார்கள். பைதான் தெரிந்தவர்கள் ஜிடபிள்யூபை என்ற இலவச லைப்ரரியை இன்ஸ்டால் செய்து, க்யூ-டிரான்ஸ்ஃபார்ம் என்ற கட்டளையால் இரண்டையும் படமாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய லேப்டாப் போதும். பைதான் தெரியாதவர்கள் ஜூனிவர்ஸ் தளத்தில் கிராவிட்டி ஸ்பை என்று தேடி, அதன் பயிற்சிப் படங்களைப் பார்த்துப் பழகுங்கள். வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருந்தால் உடன் உட்கார வையுங்கள். கோலப் புள்ளியில் ஒன்று பிசகினால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் அம்மாவையும் கூப்பிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பார்ப்பதெல்லாம் கருந்துளையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் எல்லாமே கருந்துளையாகத்தான் தெரியும். பிளிப் வகைக் கிளிட்ச்சும், பெரிய கருந்துளைகள் மோதும் அலையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கருவிகள். ஒன்றில் பதிவானது 10 மில்லி செகண்டுக்குள் மற்றதிலும் வர வேண்டும். காக்கை ஒரே சமயத்தில் இரண்டு மாநிலங்களில் கொத்தாது. ஹிங்கோலியில் ஒரு கருவி வந்தால் இந்தச் சோதனை இன்னும் வலுப்படும், வானில் இடம் குறிப்பதும் துல்லியமாகும்.

நம் நாட்டில் பெரிய கருவிகள் வரும்போது திறப்பு விழா நடக்கும், ஃபோட்டோ வரும், பிறகு வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். இந்த முறை அப்படி ஆக வேண்டியதில்லை. 2,600 கோடி ரூபாய் கருவிக்கு முன்னால் நாம் வெறும் பார்வையாளர்கள் அல்லர். நம் டிராக்டரும் மோட்டாரும் வெடியும் அதில் பதிவாகத்தான் போகின்றன. பதிவாவது எது என்று சொல்லும் உரிமையையும் சேர்த்துக் கேட்போம்.